முந்திரிகைக்குக் காவல்

கனடாவில் வசிக்கும் மருமகன் சென்ற ஆண்டு புரட்டாதி மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். வேலை நிமித்தம் ரொறன்ரோவை விட்டு நயாகராப் பக்கமாக அவன் குடிபெயர்ந்து இரண்டு வாரங்களே ஆகியிருந்தன.

"மாமா, இஞ்சை விடியக்காலமை தொடங்கினால் வெடிச்சத்தம். முதல்நாள் நான் கட்டிலுக்குக் கீழை போயிட்டன்" என்று சொல்லிச் சிரித்தான்.

அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வயதுவரை உரும்பிராயில் வளர்ந்தவன் அவன். பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்தபோதுதான் விடயம் விளங்கியிருக்கிறது. அருகில் பரந்து கிடக்கும் முந்திரிகைத் தோட்டங்களில் பழம் கனியும் காலம் அது. புரொப்பேன் வாயுவை நிரப்பிய குழாயொன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே வெடித்து ஓசை எழுப்பும். குண்டு எதுவும் கிடையாது, ஓசை மாத்திரமே. கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் ஸ்டார்லிங் பறவைகளைக் கலைப்பதற்கான ஏற்பாடு. நமது மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த அப்பறவையும் அந்நிலத்துக்கு வந்தேறியதுதான். 1890 இல் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நியூயோர்க்கில் பறக்கவிடப்பட்டவற்றின் வழித்தோன்றல்களே இன்று அந்தக் கண்டம் முழுவதும் பரவியிருக்கின்றன.

"அம்மப்பாவுக்கு இப்பிடி ஒண்டு இருந்திருந்தால் எவ்வளவு நல்லது, என்ன மாமா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அதற்கான பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

தமிழகத்து வாசகர்களுக்காக ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் முந்திரிகை என்று சொல்வது கொடியில் காய்க்கும் திராட்சையை. நீங்கள் முந்திரி என்பதை நாங்கள் மரமுந்திரிகை என்போம், அல்லது கஜு என்போம். உலர்ந்த திராட்சைக்கு எங்கள் சமையலறைகளில் பிளம்ஸ் என்று பெயர். ஒரு சிறிய பழத்தைச் சுற்றி இவ்வளவு பெயர்க் குழப்பம்!

அவனுடைய அம்மப்பா எனக்குப் பெரியப்பா முறை. உரும்பிராயில் நான்கு பரப்புச் செம்மண் தோட்டம் அவருடையது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்றால் அது கால் ஏக்கர்தான். கொங்கிறீற் தூண்கள் நிறுத்தி, கம்பி இழுத்து, பந்தலிட்டு, அதன்மேல் கொடிகளைப் படரவிட்டிருந்தார். பெரும்பாலும் 'இஸ்ரேல் புளூ' என்ற கருநீலப் பழ இனம். கொப்பு வெட்டி ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் வரும். கிணற்றுநீர் பாய்ச்சி, எரு இட்டு, ஆண்டுக்கு இரண்டு போகம் எடுப்பார்.

நான்கு மாதத்தில் மூன்றரை மாதம் அவர் நிம்மதியாக உறங்குவார். கடைசிப் பதினைந்து நாள்கள்தான் அவருக்கும் உலகத்து உயிர்களுக்கும் இடையிலான போர். காரணம் எளியது. வாழைக்குலையை முற்றலாக வெட்டிப் புகையூட்டலாம். மாங்காயைப் பிடுங்கி வைக்கோலுக்குள் வைக்கலாம். முந்திரிகை அப்படியன்று. கொடியிலிருந்து வெட்டிய கணத்தோடு அதன் கனிவு நின்றுவிடும். புளிப்பாக வெட்டினால் புளிப்பாகவே இருக்கும். ஆகவே பறவைக்கு முந்திக்கொண்டு அறுவடை செய்துவிடுவோம் என்ற தந்திரம் அங்கே செல்லாது. பழம் இனிக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதே இனிப்புக்காகவே மற்றவர்களும் காத்திருப்பார்கள்.

காய் பச்சையாக இருக்கும்வரை எவரும் வரமாட்டார்கள். ஒரு குலையில் நான்கைந்து காய்கள் ஊதா நிறம் பிடித்ததும் முதலில் வருவது கொண்டைக் குருவி. அடுத்தது மைனா. பின்பு குயில், கிளி. புலுனிகள் ஏழெட்டாகக் கூடிவந்து சண்டைபிடித்துக்கொண்டே தின்னும். அணில் தூண்வழியாக ஏறும். பொழுதுபட்டால் வௌவால்.

ஒரு குருவி தின்பது சொற்பம். அதனால் வரும் இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. குருவி பழத்தை முழுவதாக விழுங்காமல் ஒரு கொத்துக் கொத்திவிட்டு அடுத்த குலைக்குத் தாவிவிடும். துளைவழியே சாறு வழியும். சாற்றைத் தேடி எறும்பும் குளவியும் வரும். பிறகு கொசு வரும். (யாழ்ப்பாணத்தில் கொசு என்றால் பழத்தில் மொய்க்கும் சிற்றீ, இரத்தம் குடிப்பது நுளம்பு.) வெப்பமான நாள்களில் பத்து நாளளவில் அதன் அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கிவிடும். கொத்துப்பட்ட ஒரு பழம் புளித்து, பக்கத்துப் பழத்தையும் அழுகச்செய்து, மூன்றாம் நாள் முழுக்குலையும் மணக்கும். பறவையும் பூச்சியும் இரண்டு வேறு தொல்லைகள் அல்ல. முன்னது கதவைத் திறக்க, பின்னது உள்ளே நுழைகிறது என்பதைப் பெரியப்பா எந்த நூலும் படிக்காமலே அறிந்திருந்தார். கடைசிப் பதினைந்து நாள்களும் காலையில் கத்தரிக்கோலும் வாளியுமாகப் பந்தலுக்குள் நுழைந்து, கொத்துப்பட்ட பழங்களை மாத்திரம் நறுக்கியெடுத்துக் கிடங்கில் புதைத்த பின்பே தேநீர் குடிப்பார்.

பூச்சிகளைப் பொறுத்தவரை அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. பழம் நிறம் மாறிவிட்டால் மருந்து அடிக்கப்படாது. சந்தியிலிருந்த மருந்துக் கடையில், வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு அடித்தாலும் பரவாயில்லை என்று ஒருமுறை சொல்லப்பட்டது. அவர் போத்தலை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். "பூச்சி சாகிற சாமானைப் பிள்ளையள் சாப்பிடுற பழத்திலை அடிச்சுப்போட்டு, பேரை மட்டும் மருந்தெண்டு வைச்சிருக்கிறாங்கள்" என்பது அவர் வாதம். அந்த 'மருந்து' இந்த நாட்டில் எத்தனை உயிர்களை வேறுவிதமாகக் குடித்தது என்பதைச் செய்தியாளனாகிய நான் அறிவேன். மெதமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ் 1995 இல் தடைசெய்யப்பட்டன. எண்டோசல்பான் 1998 இல். டைமெதோயேற், பென்தியன், பரகுவாட் ஆகியன 2008 முதல் 2011 வரையான காலத்தில் படிப்படியாக. வயலிலிருந்த பூச்சிகளுக்காக அன்று, வீட்டிலிருந்த மனிதர்களுக்காகவே அவை தடைசெய்யப்பட்டன.

மருந்துக்குப் பதிலாக அவர் பார்த்தது எறும்பை. குலைக் காம்பில் பஞ்சுபோல வெண்மூட்டுப்பூச்சி அப்பியிருந்தால், அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதனை மாடு மேய்ப்பது போல மேய்த்து, தின்னவரும் பொறிவண்டையும் விரட்டும். எறும்பை நிறுத்தினால் பொறிவண்டு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். கொடியின் அடித்தண்டிலும் தூண்களிலும் பொலித்தீன் பட்டியைச் சுற்றி, அதன்மேல் கிறீஸ் பூசிவிடுவார். பூச்சியைப் பூச்சியே அடக்கும் என்ற இந்த உண்மையை 2009 இல் நாடும் கண்டது. 2008 இல் இலங்கையில் பப்பாசி மரங்களை வெண்மூட்டுப்பூச்சி அழிக்கத் தொடங்கியபோது, மறு ஆண்டு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு நுண்குளவிதான் அதனைக் கட்டுப்படுத்தியது.

பறவைகளைக் கொன்றொழிக்கும் யோசனையையும் அவர் ஏற்கவில்லை. கொண்டைக் குருவி தன் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும் ஊட்டுவதை அவர் பார்த்திருக்கிறார். சீனாவில் 1958 இல் தொடங்கிய இயக்கத்தில் தானியம் தின்னும் குற்றத்துக்காகச் சிட்டுக்குருவிகள் கோடிக்கணக்கில் கொல்லப்பட்டதையும், பயிர்ப்பூச்சிகள் பெருகிய பின்பு, 1960 இல் அப்பட்டியலிலிருந்து குருவியை நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்ததையும் நான் ஒருநாள் அவருக்குச் சொன்னேன். "அதுக்கு இரண்டு வருசம் எடுத்ததோ?" என்று மட்டும் கேட்டார்.

எனவே கொல்லாமல், நஞ்சிடாமல், பதினைந்து நாள் காக்கவேண்டும். எப்படி?

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதியதன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவி தினைப்புனத்துக்குக் காவலாக அனுப்பப்படுகிறாள். உயர்ந்த பரணில் இருந்துகொண்டு தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் ஓசையெழுப்பிக் கிளி கடிகிறாள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஆண்டுதோறும் கந்தபுராணப் படிப்பில் வள்ளியம்மை திருமணம் வரும்போது, ஆலோலம் பாடிக் கவண் எறியும் சிறுமி வருகிறாள். பல்கலைக்கழகத்தில் இவற்றை நாங்கள் அகத்திணை மரபாகவும் பக்தி மரபாகவும் படித்தோம். வேளாண்மைக் குறிப்பாகப் படிக்க எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கருவிகள் எதுவாக இருந்தாலும் அங்கே ஓர் ஆள் இருந்தாள் என்பதே அதில் முக்கியமானது.

பெரியப்பாவிடமும் கருவிகள் இருந்தன. பழைய சேட்டும் மண்பானையும் கொண்ட வெருளி. கயிற்றில் கோத்த தகரப் பேணிகள். கயிற்றின் நுனி அவருடைய சாய்மனைக் கதிரையில் கட்டப்பட்டிருக்கும். காற்றில் முறுகி ஒலிக்கும் ஒலிநாடாப் பட்டிகள். இவை ஒவ்வொன்றும் மூன்று நான்கு நாள்களுக்கே பயன் தரும். ஐந்தாம் நாள் மைனா வெருளியின் தோளில் அமர்ந்து இளைப்பாறும். ஒரே இடத்தில் ஒரேவிதமாக நிகழும் எந்த அச்சுறுத்தலையும் பறவை கணித்துவிடுகிறது. கணிக்க முடியாதது மனிதனை மட்டுமே. அவன் எப்போது எழும்புவான், எந்தப் பக்கமாக நடப்பான், எப்போது கல்லெடுப்பான் என்பது அதற்குத் தெரியாது. ஆதலால் பகலில் பெரியம்மாவும் பிள்ளைகளும், இரவில் அரிக்கன் விளக்கும் நாயுமாகப் பெரியப்பாவும் காவல் இருந்தார்கள். வௌவால் கூடிய இரவுகளில் இரண்டு சீனவெடி.

1990 இல் போர் மீண்டும் தொடங்கியதும் முதலில் போனது அந்த வெடி; அடுத்துப் போனது வெளிச்சம். பலாலி இராணுவ முகாம் தொலைவில் இல்லை. வெட்டவெளியில் அசையும் விளக்கு ஹெலிகொப்டரின் கண்ணில் பட்டால் என்னவாகும் என்பதை ஊர் அறிந்திருந்தது. மின்சாரம் நின்றுபோய், மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டு, வீட்டுக்குள்ளேயே ஜாம் போத்தல் விளக்கில் சொட்டுச் சொட்டாக எரித்த காலம் அது. தோட்டத்துக்கு விளக்கு எங்கே?

அப்போதுதான் அவர் தாளுறைக்கு மாறினார். மாதுளங்காய்க்குச் சீலைத்துண்டு கட்டுவதும் பலாக்காய்க்கு ஓலை கட்டுவதும் எங்கள் ஊரில் வழக்கம்தானே. அதே முறையில் ஒவ்வொரு குலைக்கும் ஒரு பத்திரிகைத் தாளைச் சுருட்டி, மேலே வாழைநாரால் கட்டுவார். நான் 1994 இல் பத்திரிகையொன்றில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. தாள் தட்டுப்பாட்டினால் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகிய நாள்கள் அவை. விற்காத பிரதிகளை நான் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பேன்.

ஒரு மாலை பந்தலுக்குள் நின்றபோது என் பெயரிட்ட கட்டுரையொன்று தலைகீழாகத் தொங்குவதைக் கண்டேன். பெரியப்பாவும் கண்டார். "தம்பி, நீ எழுதினதுகளிலை உருப்படியா ஒண்டைக் காப்பாத்தினது இதுதான்" என்றார். கேலியாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் எழுதிவிட்டேன். அவர் சொன்னதை மறுக்கக்கூடிய சான்று அதிகம் கிடைக்கவில்லை.

தாளுறை பறவையின் கண்ணை ஏமாற்றும். வௌவாலின் மூக்கை ஏமாற்றாது. அது மணத்தைப் பிடித்து வந்து, தாளைக் கிழித்து, பழத்தைப் பறித்துக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்த் தின்னும். காலையில் வேம்பின்கீழ் சக்கையும் விதையும் கிடக்கும். ஆயினும் பாதிக்குமேல் தப்பியது. அந்தப் பாதியில் வீட்டுச் செலவு நடந்தது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. அன்று பந்தலில் காய் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. பெரியப்பா தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தபடி, பத்து நாள் கழித்து, "இண்டைக்கு முழுக்கக் கனிஞ்சிருக்கும்" என்று எவரிடமும் சொல்லாதது போலச் சொன்னார். காவலுக்கு ஓர் ஆள்கூட இல்லாத முதல் அறுவடை. அந்த ஆண்டு உரும்பிராய்க் குருவிகள் நன்றாக உண்டிருக்கும்.

1996 இல் திரும்பிவந்தபோது கம்பிகள் இல்லை. தூண்கள் சில சரிந்திருந்தன. நீரின்றிக் கொடிகள் விறகாகியிருந்தன. வேறு தோட்டமொன்றில் தடி வாங்கி மீண்டும் நட்டார். காய்க்கத் தொடங்கியபோது காவலுக்குப் புதிய தடை வந்திருந்தது. முன்பு வெளிச்சம்தான் கூடாது. இப்போது ஆளே கூடாது. பொழுதுபட்டால் ஊரடங்கு. வீட்டிலிருந்து எழுபது யார் தொலைவிலிருந்த தன் தோட்டத்துக்கு இரவில் போக அவருக்கு வழியில்லை. வௌவால்களுக்கு ஊரடங்கு இல்லை.

குருநகரில் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய தங்கூசி வலை வாங்கிப் பந்தலின்மேல் போர்த்தினார். கண்ணுக்குத் தெரியாத மெல்லிழை வலை. கடலில் இப்போது தடைசெய்யப்பட்டது. முதல் வாரத்தில் பழம் ஒன்றுகூடப் போகவில்லை. எட்டாம் நாள் காலை ஊரடங்கு தளர்ந்ததும் நானும் அவருடன் போனேன். வலையின் மேற்கு மூலையில் ஒரு கூகை தொங்கியது. ஆளற்றுப்போன பக்கத்து வீட்டுக் கூரைக்குள் குடியிருந்த பறவை அது. எலியையோ வௌவாலையோ துரத்தி வந்திருக்கவேண்டும். சிறகில் இழை இறுகி, இரவு முழுவதும் போராடி, விடியுமுன்பு இறந்திருக்கிறது. வெண்மையான அதன் முகம் எங்களை நோக்கியிருந்தது. அடுத்த தூணின் கீழே ஒரு சாரைப்பாம்பு, வலையில் நடுவுடல் சிக்கி, உயிரோடு.

கூகையின் அலறல் கேட்டால் காறித் துப்பும் தலைமுறையைச் சேர்ந்தவர் பெரியப்பா. அன்று அவர் எதுவும் பேசவில்லை. கத்தரிக்கோலால் இழை இழையாக வெட்டிச் சாரையை விடுவித்தார். அதற்கு அரைமணி நேரம் எடுத்தது. பிறகு வலை முழுவதையும் சுருட்டிக் கட்டினார். பழம் வெட்ட இன்னும் ஆறு நாள் இருந்தது. "இரவிலை நான் நிண்டிருந்தால் இது வந்திராது" என்றார். ஊரடங்கைச் சொன்னாரா, கூகையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. மிகுதி ஆறு இரவுகளிலும் வௌவால்கள் வந்தன. அடுத்த போகத்தில் எலி பெருகிக் குலைகளைக் கடித்தபோது, கூகையை இழந்ததன் விலை அது என்றே அவர் நம்பினார்.

பின்பு அவர் வேறு வலை கட்டினார். பறவைக்குத் தெரியக்கூடிய தடித்த வெள்ளை நூல்வலை. குலையில் தொடாதபடி ஒரு சாண் உயர்த்தி, தொய்வின்றி இழுத்து, அடியை மண்ணோடு இறுக்கிக் கட்டியது. தொய்ந்த வலைதான் உயிரைக் கொல்லும். குலையோடு ஒட்டிய வலைக்கு மேலாக இருந்தே வௌவால் தின்றுவிடும். பனைகளை ஒட்டிய வடக்கு வரிசையை மட்டும் மூடாமல் விட்டார். தோட்டத்தில் எப்போதும் அதிகம் சேதமாவது மரங்களுக்குப் பக்கத்து ஓரம்தான். அதை மூடும் செலவு அதில் கிடைக்கும் பழத்தின் விலையைவிடக் கூடுதல் என்பது அவர் கணக்கு. இதனைக் கருணை என்று நான் ஒரு கட்டுரையில் எழுதியபோது கோபித்துக்கொண்டார்.

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது அந்த வலையும் உதவவில்லை. பழம் தப்பியது, கொழும்புக்கு அனுப்பத்தான் வழியில்லை. 2013 இல் பெரியப்பா காலமானார்.

மருமகன் கேட்டதற்கு வருகிறேன். நயாகராவின் அந்த வெடி பெரியப்பாவுக்கு இருந்திருந்தால் நல்லதா? இருந்திருந்தால் ஒரே நாளில் இரு தரப்பாரும் தோட்டத்துக்கு வந்திருப்பார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். உண்மையில் அவருக்குக் குறைவாக இருந்தது கருவியன்று. தன் தோட்டத்தில் தான் விரும்பிய நேரத்தில் நிற்கும் உரிமைதான். வெடியும் வெருளியும் உறையும் வலையும் ஆள் நிற்க முடியாத இடத்தில் நாம் நிறுத்தும் பதிலாள்கள். போர் எங்களிடமிருந்து பறித்த பெரிய விடயங்களைப் பலரும் எழுதிவிட்டார்கள். இந்தச் சிறிய விடயத்தை எழுதியவர் இல்லை.

இப்போது ஊரடங்கு இல்லை, ஹெலிகொப்டர் இல்லை. நிற்பதற்குத்தான் ஆள்கள் இல்லை. தோட்டத்தை மருமகனின் தாயார், என் அக்கா, தனியே பார்க்கிறார். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தோடு பூச்சிகொல்லி இறக்குமதியும் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்படும்வரை அயல் தோட்டங்கள் திண்டாடியபோது, கிறீஸும் கத்தரிக்கோலுமாக அவர் அப்போகத்தைத் தாண்டினார். சென்ற மாதம் போனபோது, பந்தலின்கீழ் அதே சாய்மனைக் கதிரையில் இருந்தபடி கைத்தொலைபேசியில் மகனுடன் பேசிக்கொண்டிருந்தார். பேணிக் கயிறு மறுகையில் இருந்தது. பேச்சை நிறுத்தாமலே இடையிடையே அதை இழுத்தார்.

வலைக்குள்ளும் குலைகளுக்குத் தாளுறை கட்டுகிறார். வலையில் ஓட்டை விழுந்தால் இரண்டாம் காவல் அது. ஆனால் இந்தமுறை பாதிக் குலைகள் உறையின்றி இருந்தன. காரணம் கேட்டேன்.

"பேப்பருக்கு எங்கை போறது தம்பி? ஊரிலை ஒருத்தரும் வாங்கினமில்லை. எல்லாரும் இப்ப போனிலைதானே படிக்கினம்."

அடுத்தமுறை வரும்போது அலுவலகத்திலிருந்து பழைய பத்திரிகை ஒரு கட்டுக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.